நாகர்கோவிலில் இருந்து ரோம்: நாலு மாணவர்கள், பத்து நாள், எவ்வளவு ஆகும்?

தக்கலை மாணவி · 12 நவம்பர் 2025, மாலை 6.15

நாங்க நாலு பேரு, கடைசி வருஷம். எல்லாருக்கும் 21, 22 வயசு. மே கடைசியில பரீட்சை முடியும். ரோம் போகணும்னு ரொம்ப நாள் ஆசை. நம்ம தேவசகாயம் பிள்ளைக்கு 2022 மே 15ல புனிதர் பட்டம் கொடுத்த வத்திக்கான் புனித பேதுரு சதுக்கத்துல நிக்கணும், கொலோசியமும் பாக்கணும். டூர் ஆபீஸ்ல விசாரிச்சா 7 நாளைக்குத் தலைக்கு 2 லட்சம் சொல்றாங்க. நாங்களே எல்லாத்தையும் புக் பண்ணினா ஒன்றரை லட்சத்துல முடியுமா? மாணவர் அட்டை வச்சிருந்தா எல்லா இடத்துலயும் பாதி விலைதான்னு ஒருத்தங்க சொன்னாங்க, உண்மையா?

நாஞ்சில் பயணி · 12 நவம்பர், இரவு 9.40

முடியும் தங்கச்சி. ஆனால் மாணவர் அட்டை பற்றிச் சொன்னது பாதிதான் சரி.

இத்தாலி அரசின் கையில் உள்ள இடங்களில் 18 முதல் 25 வயது வரை 2 யூரோ என்று போட்டிருக்கும். அது ஐரோப்பிய ஒன்றியத்துக் குடிமக்களுக்கான விலை. இந்திய பாஸ்போர்ட்டோடு பன்னாட்டு மாணவர் அட்டையை நீட்டினாலும் முழு விலைதான். கொலோசியம் 18 யூரோ (ரோமன் போரமும் பாலத்தீன் குன்றும் அதே டிக்கெட்டில் அடங்கும்), பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில் 5 யூரோ. சலுகை டிக்கெட்டை எடுத்துவிட்டு வாசலில் மாட்டிக்கொண்டால் புது டிக்கெட் வாங்க வேண்டியிருக்கும், அந்த நேரத்துக்கு இடமும் இருக்காது. 18 நிறையாதவர்களுக்கு மட்டும் எந்த நாட்டவரானாலும் இலவசம். முதல் வருஷத்துத் தம்பி தங்கைகளைக் கூட்டிப் போவோர் இதை மறக்க வேண்டாம்.

வத்திக்கான் தனி நாடு, அதன் கணக்கும் தனி. அங்கே அருங்காட்சியகத்துக்கு 20 யூரோ, இணையத்தில் முன்பதிவு செய்தால் மேலே 5. 25 வயது வரை உள்ள மாணவர்களுக்குச் சலுகை உண்டு, அதற்கு நாட்டுக் கணக்கு கிடையாது. அட்டை உதவும் பெரிய இடம் இது ஒன்றுதான். புனித பேதுரு பேராலயத்துக்குள் போகக் காசே வேண்டாம்.

நாஞ்சில் பயணி · 12 நவம்பர், இரவு 10.25

தேதியைப் பற்றி ஒன்று. வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு இலவசம். அரசு அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். காலண்டரைப் பாருங்கள்: 2026 மே 31 கடைசி ஞாயிறு, ஜூன் 7 முதல் ஞாயிறு. மே 30 சனிக்கிழமை இறங்கி ஜூன் 8 திங்கள் கிளம்பினால் இரண்டுமே உள்ளே வந்துவிடும். ஒன்பது இரவு, பத்து நாள்.

(29ஆம் தேதி திருத்தம் கீழே இருக்கிறது. அதைப் படிக்காமல் இதை மட்டும் வைத்துத் திட்டம் போடாதீர்கள்.)

நாஞ்சில் பயணி · 14 நவம்பர், காலை 7.10

செலவுக் கணக்கு. யூரோ நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது. 103 என்று வைத்துப் போடுகிறேன், ஒரு ஆளுக்கு.

ஹாஸ்டலில் பல பேர் சேர்ந்து தங்கும் அறையில் ஒரு கட்டில், இரவுக்கு 35 யூரோ, ஒன்பது இரவுக்கு 315. நகராட்சியின் தங்கும் வரி தனி. முன்பதிவுத் தளத்தில் கட்டிய தொகையில் பெரும்பாலும் அது சேராது, விடுதியிலேயே வாங்குவார்கள். விடுதியின் வகையைப் பொறுத்து மாறும். ஹாஸ்டலுக்கு இரவுக்கு மூன்றரை என்று வைத்தால் 32. சாப்பாடு நாளுக்கு 15 வீதம் 150. நகரப் போக்குவரத்து 1.50 யூரோ டிக்கெட் 25 என்று வைத்தால் 38. விமான நிலையம் போக வர 28. நுழைவுச் சீட்டுகள் கொலோசியம் 18, வத்திக்கான் 25, பாந்தியன் 5, ஆக 48. மொத்தம் 611 யூரோ, சுமார் 63,000 ரூபாய்.

அதோடு விமானம் 65,000க்கு மேல் போகக் கூடாது என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். விசா 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம், சென்னையோ கொச்சியோ போய்வரும் செலவு எல்லாம் சேர்த்து 12,000. காப்பீட்டுக்கு 1,500. கூட்டினால் 1,41,500. மிச்சம் 8,500ஐ அவசரத்துக்கு வையுங்கள், செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் ஒன்று புரியும். ரோமில் பட்டினி கிடந்தால் மிஞ்சுவது நாளுக்கு ஐந்து யூரோ. விமான டிக்கெட்டைத் தப்பாக இணைத்தாலோ, பெயரைத் தப்பாக அடித்தாலோ, விசாவுக்குத் தாமதமாகப் போனாலோ இருபதாயிரம், முப்பதாயிரம் என்று போகும். அத்தனையும் நாகர்கோவிலில் உட்கார்ந்திருக்கும்போதே நடக்கிற தப்புகள். கவனத்தை அங்கே செலவிடுங்கள்.

டூர் ஆபீஸ் விலையோடு ஒப்பிடும்போது இன்னொன்று. வெளிநாட்டு டூர் பேக்கேஜாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமானவரி) பிடிப்பார்கள். வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை உங்கள் காசு முடங்கிக் கிடக்கும். சொன்ன 2 லட்சம் அதையும் சேர்த்தா என்று கேளுங்கள்.

நாஞ்சில் பயணி · 14 நவம்பர், காலை 7.50

மேலே விமான நிலையத்துக்கு 28 போட்டது, ரோமின் பெரிய ரயில் நிலையமான டெர்மினி வரை நிற்காமல் போகும் லியோனார்தோ எக்ஸ்பிரஸின் விலை, ஒரு வழிக்கு 14. அது தேவையில்லை. அதே ஃபியூமிச்சினோ விமான நிலையத்திலிருந்து எஃப்எல்1 என்ற சாதாரண ரயில் 8 யூரோ. திரஸ்தெவெரே, ஒஸ்தியென்சே, திபுர்தீனா நிலையங்களில் நிற்கும். ஒஸ்தியென்சேயில் இறங்கிச் சற்று நடந்தால் பிரமிதே மெட்ரோ, பி லைன். திபுர்தீனாவிலும் அதே பி லைன் உண்டு. ஆக 28 அல்ல, 16. கணக்கில் 12 யூரோ குறைத்துக்கொள்ளுங்கள்.

குளச்சல் தம்பி · 15 நவம்பர், இரவு 11.02

அண்ணே, மாணவர்களுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் ஒரே விசா) கட்டணமே கிடையாதுன்னு ஒரு வீடியோல பார்த்தேன். அப்போ 90 யூரோ மிச்சமா?

நாஞ்சில் பயணி · 16 நவம்பர், காலை 6.30

விதி இருக்கிறது தம்பி, ஆனால் அது படிப்புக்காகவோ கல்விப் பயிற்சிக்காகவோ போகும் மாணவர்களுக்கும் கூடப் போகும் ஆசிரியர்களுக்கும். ஊர் பார்க்கப் போவது அதில் வராது. கல்லூரியே ஏற்பாடு செய்து, அங்குள்ள ஒரு நிறுவனத்தின் அழைப்புக் கடிதத்தோடு போனால் கேட்டுப் பார்க்கலாம். சுற்றுலாவுக்குப் போகிறவர் படிப்பு என்று எழுதிக்கொடுத்தால் அந்தப் பொய்க்காகவே மறுப்பார்கள், கட்டணமும் திரும்பாது.

விசா வேலையை வரிசையாகச் சொல்கிறேன். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள் முன்பு. முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள், கூடுதல் விசாரணை இருந்தால் 45 நாள் வரை போகும். கோடை விடுமுறைக்கு ஏப்ரல் முதல் கூட்டம் நெருக்கும். பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் முதல் வாரத்துக்கு அப்பாயின்ட்மென்ட் போடுங்கள். பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குள் கொடுத்ததாகவும், திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாகவும், இரண்டு பக்கமாவது காலியாகவும் இருக்க வேண்டும். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுமைக்கும் எடுக்க வேண்டும். தேதியை இரண்டு நாள் கூட்டியே எடுங்கள், திரும்பும் விமானம் தாமதமானால் காப்பீடு இல்லாத நாள் வரக் கூடாது.

கல்லூரியிலிருந்து போனபைட் சான்றிதழ், விடுப்புக்கு ஆட்சேபம் இல்லை என்ற கடிதம், இரண்டும் லெட்டர்பேடில், முத்திரையோடு. பரீட்சை முடிந்த பிறகுதானே போகிறோம் என்று இதை விட்டுவிடுவார்கள். நீங்கள் ஊர் திரும்புவீர்கள் என்பதற்கு உங்களிடம் உள்ள பெரிய சான்று அதுதான். ஜூன், ஜூலையில் மேற்படிப்போ வேலையோ தொடங்குவதற்குக் கடிதம் இருந்தால் அதையும் வையுங்கள்.

நாஞ்சில் பயணி · 16 நவம்பர், காலை 7.05

பணச் சான்று பற்றிப் பலரும் தனிச்செய்தியில் கேட்கிறார்கள். இத்தாலி வெளிப்படையான அட்டவணையே வைத்திருக்கிறது. 6 முதல் 10 நாள் தங்கலுக்குத் தனியாகப் போகிறவர் நாளுக்கு 44.93 யூரோ காட்ட வேண்டும். இரண்டு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து போனால் ஆளுக்கு 26.33. உங்கள் பத்து நாளுக்குத் தனி ஆள் என்றால் 449.30, குழுவாக என்றால் தலைக்கு 263.30. ஆகவே நாலு பேரும் ஒரே தேதியில், ஒரே தங்குமிடத்தோடு, ஒரே பயணத் திட்டத்தைக் காட்டி விண்ணப்பியுங்கள்.

ஆனால் இது கீழ்வரம்பு. இதை மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும் கணக்கைப் பார்த்தால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். அப்பாவோ அம்மாவோ செலவை ஏற்பதாகக் கடிதம், அவர்கள் வங்கியின் ஆறு மாத ஸ்டேட்மென்ட் வங்கி முத்திரையோடு, வருமானவரிக் கணக்கு. கையில் ரொக்கமாகவே புழங்குகிற குடும்பங்கள் நம் கடலோரத்திலும் சந்தைகளிலும் நிறைய. அவர்கள் இப்போதே, இந்த நவம்பரிலிருந்தே, வருவதை அவ்வப்போது வங்கியில் போட்டு வையுங்கள். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மூன்று லட்சத்தை மொத்தமாகப் போடுவது நல்லதே அல்ல, கடன் வாங்கிக் காட்டியதாகத்தான் படிப்பார்கள். வளைகுடாவில் இருக்கும் அண்ணன் செலவு ஏற்றால் அவருடைய சம்பளச் சான்று, அங்குள்ள குடியிருப்பு அட்டையின் நகல், உறவைக் காட்டும் ஆவணம் மூன்றும் வேண்டும்.

மார்த்தாண்டம் அக்கா · 21 நவம்பர், மதியம் 1.20

என் மகளுக்கு பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டமே காலி. இனிஷியல் கூட இல்ல. டிக்கெட் போடும்போது கடைசிப் பெயர் கட்டாயம்னு கேக்குது. என்ன போட?

நாஞ்சில் பயணி · 21 நவம்பர், இரவு 8.45

அக்கா, தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அதிகம் செலவு வைக்கிற இடம் இது. விமான நிறுவனத்துக்கு விமான நிறுவனம் வழி மாறும்: சிலர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள், சிலர் முதல் பெயருக்கு ‘எஃப்என்யு’ (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடச் சொல்வார்கள். இடையில் நிற்கும் தளங்களில் ஊகித்துப் போடாமல், விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அவர்கள் விதியைப் படித்துவிட்டு அங்கேயே எடுங்கள்.

பெரிய விஷயம் வேறு. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா, விசிட் விசா விஷயத்தில் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. விமான நிலையத்துக்குள்ளேயே மாறிப் போவதற்கு இது தடை இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து ஐரோப்பாவுக்கு மலிவான வேறு நிறுவனத்தின் டிக்கெட் என்று பிரித்து எடுத்தால்தான் சிக்கல். பெட்டி ரோம் வரை போகாது. அதை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வெளியே வர வேண்டும், வெளியே வர அந்த நாட்டு விசா வேண்டும், விசாவுக்கு ஒற்றைப் பெயர் இடிக்கும். அதோடு முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. எட்டாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் முழு டிக்கெட்டையும் இழப்பது இப்படித்தான்.

ஒரே முன்பதிவு எண்ணில், பெட்டி கடைசிவரை போகும் டிக்கெட்டாக எடுங்கள். பாஸ்போர்ட்டிலேயே பெயரைத் திருத்த நினைப்பவர்கள் விசாவுக்கு முன் திருத்துங்கள்.

கொலோசியம் டிக்கெட்டிலும் பெயர் அச்சாகும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். அங்கேயும் வீட்டில் கூப்பிடும் பெயர் வேண்டாம்.

நாஞ்சில் பயணி · 29 நவம்பர், காலை 6.00

இலவச ஞாயிறு பற்றிய மறுயோசனை. தேதியை மாற்றச் சொல்லவில்லை, அந்த நாட்களை எதற்குப் பயன்படுத்துவது என்பதை மாற்றுகிறேன்.

வத்திக்கான் கடைசி ஞாயிறு காலை 9 முதல் மதியம் 2 வரைதான். உள்ளே விடுவது 12.30 வரை. மே மாதத்தில் வரிசை மதிலைச் சுற்றி வளைந்து நிற்கும். ஏழு மணிக்கெல்லாம் போய் நிற்க முடிந்தால் லாபம். முந்தின நாள்தான் விமானத்தில் வந்து இறங்கியிருப்பீர்கள் என்பதால் நேர வித்தியாசமே உங்களை எழுப்பிவிடும் (கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேரம்). எழுந்திருக்க முடியாதவர் சலுகை டிக்கெட்டை வேறு நாளுக்கு எடுப்பதே மேல். அருங்காட்சியகத்துக்குள் உள்ள சிஸ்டைன் சிற்றாலயத்தின் ஓவியக் கூரையைத் தோள் இடிபட நின்று பார்ப்பது அந்த இடத்துக்குச் செய்யும் நியாயம் அல்ல.

கொலோசியத்தை இலவச ஞாயிற்றுக்கு வைக்கவே வேண்டாம். அன்று முன்பதிவு கிடையாது, நேரில் வரிசைதான். 18 யூரோவைக் கொடுத்து, முப்பது நாள் முன்பு அதிகாரபூர்வத் தளத்தில் டிக்கெட் திறக்கும்போதே எடுத்துவிடுங்கள். ஜூன் 2 செவ்வாய்க்கிழமையையும் தவிருங்கள். குடியரசு தினம், கொலோசியத்துக்கு முன்னால் உள்ள சாலையில்தான் அணிவகுப்பு. காலை முழுக்க அந்தப் பக்கம் அடைப்பு.

ஜூன் 7 ஞாயிறை ஒஸ்தியா அந்திகாவுக்குக் கொடுங்கள். பழைய ரோமின் துறைமுக நகரம், தெருக்கள், குளியல் மண்டபம், நாடக அரங்கம் எல்லாம் திறந்த வெளியில். பிரமிதே மெட்ரோவுக்குப் பக்கத்தில் போர்த்தா சான் பாவோலோ நிலையத்திலிருந்து ரயில், அதே 1.50 டிக்கெட். பரந்த இடம் என்பதால் இலவச நாளிலும் நெரிசல் தெரியாது. கடலையும் துறைமுகத்தையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கொலோசியத்தைவிட இதுதான் மனதில் நிற்கும் என்பது என் எண்ணம்.

நாஞ்சில் பயணி · 29 நவம்பர், காலை 6.20

அந்த 1.50 டிக்கெட் பற்றி: 100 நிமிடம் செல்லும். பஸ், டிராம் எத்தனை முறையும் மாறலாம், மெட்ரோ ஒரே ஒரு முறை. மெட்ரோவிலிருந்து வெளியே வந்துவிட்டு நிமிடம் மிச்சம் இருக்கிறதே என்று மறுபடி மெட்ரோவுக்குள் நுழைந்தால் செல்லாது. பஸ்ஸில் ஏறியதும் இயந்திரத்தில் பதிய வேண்டும். பையில் டிக்கெட் இருந்தும் பதியாமல் இருந்தால் அபராதம் ஐம்பது யூரோவுக்கு மேல். வங்கி அட்டையைத் தட்டியும் போகலாம், ஆனால் ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும். ஒரே அட்டையை நாலு முறை தட்டினால் நாலு டிக்கெட் ஆகாது.

குளச்சல் தம்பி · 6 டிசம்பர், இரவு 9.30

வீட்ல கருவாடும் கறிவேப்பிலையும் கட்டிக்கொடுப்பாங்க. பிடிச்சிருவாங்களா?

நாஞ்சில் பயணி · 7 டிசம்பர், காலை 8.15

நல்ல கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகவே கூடாது. பால்கோவா, நெய், கோழி ஊறுகாய் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். மீனுக்கு விதி வேறு: குடல் நீக்கிக் காயவைத்தது சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை போகலாம். ஆகவே கருவாடு போகும், நாற்றம் வராமல் இரண்டு உறை போட்டுக் கட்டுங்கள். எட்டுப் பேர் படுக்கும் அறை அது, கூடப் படுப்பவர்களை நினையுங்கள்.

பழம், காய், இலை எதற்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அதனால் கறிவேப்பிலையும் மாம்பழமும் வேண்டாம். விதிவிலக்கு ஐந்தே பழம்: வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன். மட்டிப்பழமும் செவ்வாழையும் தாராளமாகப் போகும். ஆனால் கொப்பரையை விமானப் பெட்டியில் வைக்க முடியாது, எண்ணெய் நிறைந்த, தீப்பிடிக்கும் பொருள் என்று இங்கேயே எடுத்துவிடுவார்கள். நேந்திரங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு சிக்கல் இல்லை. பொடி வகைகளைச் செக்-இன் பெட்டியில் வையுங்கள்.

அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் சுமக்க வேண்டாம். டெர்மினி நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், வித்தோரியோ சதுக்கத்தின் பக்கம், எஸ்குயிலினோ சந்தை இருக்கிறது. வங்காளதேச, இந்தியக் கடைகள் நிறைந்த இடம். ஞாயிறு விடுமுறை. தங்குமிடத்தில் சமையலறை உண்டா என்று பார்த்து எடுத்தால், நாலு பேருக்கு ஒரு வேளை சோறும் குழம்பும் வெளியே ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிடும் செலவுக்குள் அடங்கும். வெளியில் சாப்பிடும்போது எடை போட்டு வெட்டித் தரும் பீட்சா மலிவு. காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம், நகரமெங்கும் 2,500 அளவுக்குத் தெருக்குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கும், குடிக்கலாம். பொதிச்சோற்றை ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்து பிரிக்காதீர்கள், அங்கே உட்காருவதே அபராதம். வில்லா போர்கேசே பூங்காவில் நிழலும் உண்டு.

தக்கலை மாணவி · 10 ஜனவரி 2026, மாலை 5.40

மார்ச் 4க்கு அப்பாயின்ட்மென்ட் கிடைச்சாச்சு! ஆனா ஏஜென்ட் ஒருத்தர் ‘எட்டியாஸ்’னு இன்னொரு அனுமதி வேணும், ஆளுக்கு 3,000 கட்டுங்கன்னு சொல்றார்.

நாஞ்சில் பயணி · 10 ஜனவரி, மாலை 6.05

கட்டாதீர்கள். அது விசா தேவையில்லாத நாட்டுக்காரர்களுக்கு வரப்போகும் அனுமதி. இந்தியருக்கு விசாவே போதும். உங்களுக்குப் பொருந்துவது நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை. 2025 அக்டோபர் 12ல் தொடங்கியது, 2026 ஏப்ரல் 10 முதல் முழுமையாக நடக்கும். முத்திரை குத்துவதற்குப் பதில் முகப்படம் எல்லையில் பதிவாகும், விரல்ரேகையை விசாவுக்குக் கொடுத்ததோடு ஒப்பிடுவார்கள். கட்டணம் இல்லை, ஆனால் வரிசை நீளும். இறங்கி ஒரு மணி நேரத்தில் பிடிக்க வேண்டிய ரயில், பஸ் எதையும் முன்பதிவு செய்யாதீர்கள்.

நாஞ்சில் பயணி · 11 ஜனவரி, காலை 7.30

விட்டுப்போனவை. போன டிசம்பரில் மெட்ரோ சி லைன் கொலோசியம் வரை நீண்டுவிட்டது, ஆகவே சி லைன் பக்கம் மலிவாகக் கட்டில் கிடைத்தாலும் இனி யோசிக்காமல் எடுக்கலாம். வேலைநிறுத்தம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை வரும். அப்போதும் காலை 8.30 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் நகர வண்டிகள் ஓடும். 64ஆம் எண் பஸ்ஸிலும் டெர்மினி மெட்ரோவிலும் பிக்பாக்கெட் அதிகம், பை முன்னால் இருக்கட்டும். பணம் எடுக்க வங்கிக் கிளையின் சுவரில் உள்ள ஏடிஎம்முக்குப் போங்கள், ரூபாயிலா யூரோவிலா என்று திரை கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விலை. யூபிஐயை நம்பிப் போகாதீர்கள். வங்கி ஓடிபி வர இந்திய சிம்மில் ரோமிங்கைத் திறந்துவிட்டுக் கிளம்புங்கள்.

போனின் இரட்டைமுனை சார்ஜர் அங்கே அப்படியே பொருந்தும். லேப்டாப்பின் மூன்றுமுனை பொருந்தாது. வடசேரியிலேயே ஒரு அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள், நாலு பேருக்கு ஒரு எக்ஸ்டென்ஷனும் இருந்தால் அந்த ஒரே அடாப்டர் போதும்.

ஜூன் 3 புதன். அன்று காலை திருத்தந்தையின் பொதுச் சந்திப்பு இருந்தால் அதே புனித பேதுரு சதுக்கத்தில் நிற்கலாம். நுழைவுச் சீட்டு இலவசம், யார் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள். பேராலயத்துக்குள் போகத் தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும், ஒரு துப்பட்டா பையில் இருந்தால் போதும். குவிமாடத்துக்கு 551 படி. லிஃப்டுக்குக் காசு கொடுத்தாலும் 320 படி ஏறித்தான் ஆக வேண்டும். மேலே போகப் போகச் சுவர் சாய்ந்து வழி குறுகும், மூச்சுத்திணறல் உள்ளவர் கீழேயே நின்றுவிடட்டும்.

மார்த்தாண்டம் அக்கா · 11 ஜனவரி, மதியம் 12.10

நாங்க ஈஸ்டருக்குப் போறோம். திருவனந்தபுரத்துல பத்மநாபசுவாமி கோவில் பங்குனி ஆராட்டு (சாமியைக் கடலில் நீராட்டுற விழா) அன்னைக்கு ஏர்போர்ட் மூடுவாங்களே?

நாஞ்சில் பயணி · 11 ஜனவரி, மதியம் 12.45

ஆமா அக்கா. பங்குனி, ஐப்பசி இரண்டு ஆராட்டுக்கும் ஊர்வலம் ஓடுதளத்தைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும், மாலையில் சில மணி நேரம் விமானங்கள் நிற்கும். நிறுவனங்கள் நேரத்தை முன்கூட்டியே மாற்றிவிடும், டிக்கெட்டில் கொடுத்த மின்னஞ்சலைத் தினமும் பாருங்கள். தங்கச்சிக்கு மே 30ல் அந்தக் கவலை இல்லை. நாகர்கோவில் ஜங்ஷனிலிருந்து ரயிலில் போனால் திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கி ஆட்டோ. பன்னாட்டு முனையம் சாக்கையில், ‘சங்குமுகம்’ என்று சொன்னால் உள்நாட்டு முனையத்தில் கொண்டு விட்டுவிடுவார்கள்.